வருஷம் முடியட்டும் என்றேன்

தம்பி,

இதை வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவன். ஆபீஸ் லிஃப்டில் ஏறும்போது ஆரம்பித்து, இறங்குவதற்குள் அப்பாவைக் கேட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. எனக்கு இனிமேல் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என்னைப் போன்ற ஆட்கள் புக்கிட் மேராவில் இந்த ஒரு அடுக்குமாடிப் புளோக்கிலேயே பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா தவறி ஏழாம் மாதம் வைக்கிற படையலுக்கு வாழையிலையும் பூவும் வாங்க நாம் எல்லோரும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனோமே, நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங் தேடப் போய்விட்டாய். நானும் என் மருமகள் ஷர்மிளாவும் பூக்கடை வரிசையில் நின்றோம். அப்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. அவளோடு ஓட்டப் பயிற்சிக்குப் போகிற பெண் என்று நினைக்கிறேன். ஓட்டத்துக்கான டீ-ஷர்ட்டையும் நம்பர் அட்டையையும் எப்போது வந்து வாங்கிக்கொள்ளப் போகிறாய் என்று அந்தப் பெண் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. ஷர்மிளா பூக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "இல்ல லா, இந்த வாட்டி நான் வரல. அத்தைக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகல. என் நம்பர யாருக்காவது குடுத்துடு." போனை வைத்துவிட்டு, இரண்டு முழம் மல்லிகை என்று சாதாரணமாகக் கேட்டு வாங்கினாள்.

நான் விடவில்லை. யார் வேண்டாம் என்றது என்று கேட்டேன். அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. "அவர் வேணாம்னு சொல்லல மாமா. வருஷம் முடியட்டும்னுதான் சொன்னாரு. அத்தைக்காகத்தானே?" என்றாள். அவ்வளவுதான். வெயில் என்று சொல்லி அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். நீ வந்து, அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று எண்ணி இனிப்பாக ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தாய். எனக்குச் சர்க்கரை ஒன்றும் இறங்கவில்லை. நீ சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளும் என்னுடையவை. எட்டு வருஷத்துக்கு முன்னால் உன் அம்மாவிடம் நான் அதே வார்த்தைகளைச் சொன்னேன், அதே காரணத்தைக் காட்டி.

உனக்கு அந்தக் கதை முழுசாகத் தெரியாது. அப்போது நீ யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் இருந்தாய். சனி ஞாயிறு வந்து துணி துவைத்துக்கொண்டு போவாய். உன் அம்மாவுக்கு ஐம்பது தாண்டியதிலிருந்தே உடம்பும் மனசும் சரியில்லை. மாதவிடாய் நின்ற சமயம் அது. படுத்தால் தூக்கம் வராது, உட்கார்ந்தால் வியர்த்துக் கொட்டும், வெங்காயம் நறுக்காத நாளிலும் அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். பாலிகிளினிக்கில் சர்க்கரை என்றார்கள், ரத்த அழுத்தம் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நடக்கச் சொன்னார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று சொன்னேன். அதோடு என் கடமை முடிந்தது என்று துறைமுகத்துக்குப் போய்விட்டேன். முப்பது வருஷம் கிரேன் மேலே உட்கார்ந்து கீழே இருக்கிற மனிதர்களைக் கட்டைவிரல் அளவில் பார்த்தவன் நான். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பார்வை இறங்கவில்லை.

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நாலாவது மாடி ரொஹானா. உனக்குத் தெரியும், தலையில் எப்போதும் ஊதாத் துடோங் முக்காடு கட்டியிருப்பாரே, அவர்தான். நம் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்கிலும் இருந்த பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து, சமூக ஓட்டம் ஒன்றில் ஐந்து கிலோமீட்டர் ஓடப்போகிறோம் என்று கிளப்பிவிட்டார். ஒருத்தியும் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பஸ் பிடிக்கக்கூட ஓடியதில்லை. வாரத்துக்கு மூன்று காலை. ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, மறுபடி ஒரு நிமிஷம் ஓட்டம். கால்வாய் ஓரமாகப் போய்த் திரும்பி வருவார்கள். முதல் நாள் அம்மா சல்வாரோடுதான் போனாள். முகம் பழுத்துப்போய் வந்து, நெஞ்சு வெடித்துவிடும் என்று பயந்தேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்றுகூட நான் அன்று யோசிக்கவில்லை.

மூன்று நாலு மாதத்தில் அவளிடம் வந்த மாற்றத்தை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அப்போது கண்ணில் பட்டதையெல்லாம் நான் கேலிதான் செய்தேன். சாலையைக் கடக்க மேம்பாலம் ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவள், இரண்டு கையிலும் மார்க்கெட் பையோடு எனக்கு முன்னால் ஏறிப்போனாள். முட்டி வலிக்கு நான் தேய்த்துவிடும் தைலப் புட்டி அப்படியே கிடந்தது. படுத்தால் தூங்கினாள். பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார். எல்லாவற்றையும்விட, மனசு. எரிச்சலும் அழுகையும் குறைந்து, தன் பாட்டுக்கு எதையோ முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தாள். ஆனால் அவள் மெலியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன் நான். இவ்வளவு ஓடியும் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறதே என்று உன் சித்தப்பா வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தேன். அவளும் கூடச் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து தட்டுகளை எடுக்கப் போனாள்.

முதல் ஓட்டத்துக்கு என்னை வரச்சொன்னாள். ஓடி முடிக்கிற இடத்தில் வந்து சும்மா நின்றால் போதும் என்றாள். மற்றவர்களின் வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று வேறு சொன்னாள். நான் முடி வெட்டிக்கொள்ளப் போனேன், தம்பி. லிட்டில் இந்தியாவில் முடி வெட்டிக்கொண்டு, தோசை தின்று, பேப்பர் படித்து, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் கழுத்தில் அந்த மெடலோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். குளிக்கக்கூட இல்லை. நான் பார்க்க வேண்டும் என்றே கழற்றாமல் இருந்திருக்கிறாள். நான் கேட்டது, இன்னைக்குச் சமையல் உண்டா என்று. இதை எழுதும்போது என் கையை நானே ஓங்கி அடிக்கலாம் போலிருக்கிறது.

அடுத்த வருஷம் பத்துக் கிலோமீட்டருக்குத் தயாரானார்கள். அந்த நேரத்தில்தான் உட்லண்ட்ஸில் உன் சித்தப்பா வீட்டில் என் அப்பா தவறினார். மூத்த மகன் நான், மூத்த மருமகள் அவள். ஒரு வருஷம் விசேஷங்களுக்குப் போவதில்லை, பண்டிகை கிடையாது, தீபாவளிக்கு எண்ணெய்ச்சட்டி வைப்பதில்லை. இதெல்லாம் நம் வழக்கம், அதில் எனக்கு இன்றைக்கும் குறையில்லை. கருமாதி முடிந்து, அவள் மறுபடி காலையில் ஓடப்போனபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்ட நாள் நெருங்கியதும்தான் வாயைத் திறந்தேன். மைக் வைத்துப் பாட்டுப் போடுவான், எல்லாரும் கலர் சட்டையில் ஆடுவார்கள், அப்பா செத்து எட்டு மாதம் ஆகவில்லை, ஊர் என்ன சொல்லும் என்றேன். அவள் ஒரே ஒரு தடவைதான் எதிர்த்துப் பேசினாள். "மாமா இருந்தா போம்மான்னு சொல்லியிருப்பாரு. உங்களுக்கே தெரியும்," என்றாள். தெரியும். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. வருஷம் முடியட்டும் என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டேன்.

அந்த வருஷம் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் முடிந்து காப்பிக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து கால்பந்து பார்த்தேன். கோல் விழுந்தால் மேசையைத் தட்டினேன். அதற்குத் துக்கம் குறுக்கே வரவில்லை. ஊர் ஏதாவது சொல்லியதா என்றால், எவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் பேர் சொல்லி நானேதான் சொல்லிக்கொண்டேன். உண்மை இதுதான்: எனக்குப் பொறாமை. நான் கொடுக்காத ஒன்று அவளிடம் இருந்தது. என்னோடு சேர்ந்து கிடைக்காத சந்தோஷத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே போய் வாங்கிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்து, ரொஹானா இப்படிச் சொன்னார், இன்னொருத்தி அப்படி விழுந்தாள் என்று கண் பளபளக்கப் பேசுவாள். அந்தப் பேச்சில் நான் எங்குமே இல்லை. என் அப்பாவின் சாவு எனக்கு வசதியாகக் கையில் கிடைத்தது. பெற்ற தகப்பனின் துக்கத்தை அப்படிப் பயன்படுத்தினேன்.

அவள் காலை ஓட்டத்தையும் விட்டுவிட்டாள். ஓட்ட நாளுக்கு இல்லை என்றால் தினமும் எதற்கு என்று நினைத்திருக்கலாம். அல்லது தயாராகும் தோழிகளோடு ஓடிவிட்டு அந்த ஒரு நாள் மட்டும் நிற்பது கஷ்டமாக இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, தேக்காவுக்குப் போய்க் கீரை வாங்கி வருகிறேன் என்று விடியற்காலையில் கிளம்பினாள். பத்து மணிக்குக் கீரையோடு வந்தாள். பொரியல் வைத்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முதலில் எங்கே போனாள் என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. அம்மாவின் உடம்பைச் சடங்குக்காகப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தோமே, அன்று ரொஹானா என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னார். பாதி மலாய், பாதி ஆங்கிலம். அந்த ஓட்டத்தில் ஆறாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசைக்குப் பின்னால் உன் அம்மா நின்றாளாம். ஏற்பாட்டாளர்களிடம் தானே போய்ப் பெயர் கொடுத்திருக்கிறாள். இவர்கள் வந்ததும் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கப்பைக் கையில் கொடுத்தாளாம். ஏன் இப்படி என்று ரொஹானா ஓடிக்கொண்டே கேட்டதற்கு, வீட்டுக்காரர் ஓட வேண்டாம் என்றுதான் சொன்னார், தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றாளாம். என்னைக் குறை சொல்வதற்காக ரொஹானா இதைச் சொல்லவில்லை. நல்ல மனசு உன் மனைவிக்கு என்று சொல்லத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். நீ வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாய், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி சொல்வதுதான் நான் செய்தவற்றிலேயே பெரிய தப்பு. தடுத்ததுகூட அடுத்தபடிதான். வருஷத் திதி முடிந்தது. ஐயர் வந்தார், படைத்தோம், சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து வரும்போது, வெளியே இன்னும் முழுசாக வெளிச்சம் வரவில்லை, அவள் தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பழைய ஓட்டச் சட்டையைப் போட்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து தமிழ் முரசை விரித்தேன். கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். பிறகு அவள், "காப்பி போடவா?" என்று கேட்டாள். அவள் கேட்டது காப்பியைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அதுகூடத் தெரியாதா? "போடு," என்றேன். அவள் எழுந்து போய்க் காப்பி போட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சே எங்களுக்குள் வரவில்லை. வருஷம் முடிந்தது, நான் போட்ட தடை முடியவில்லை. நாள் பார்த்துத் துக்கத்தை எடுக்க ஐயர் இருக்கிறார். மனைவியின் வாசலில் நான் வைத்ததை எடுக்க நான் ஒருவன்தான் இருந்தேன். நான் எடுக்கவில்லை.

அவள் ஓடியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்கப் பயம். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். முதலில் தூக்கம் போயிற்று. தைலப் புட்டி திரும்பி வந்தது. குறைத்த மாத்திரை கூடிற்று, அப்புறம் வயிற்றில் போடுகிற இன்சுலின் ஊசி. மேம்பாலத்தில் நடுவில் நின்றாள். முணுமுணுப்புப் பாட்டு நின்றுபோனது. ஒருநாள் மத்தியானம் நெஞ்சு நின்றது. அவள் போனது இந்த வருஷம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஏழு வருஷம் அவள் நன்றாக இருந்திருக்கலாம். நன்றாகத் தூங்கி, வலியில்லாமல், நாலு பெண்களோடு சத்தமாகச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த ஏழு வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதை வைத்து நான் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது ஷர்மிளா. குழந்தை பிறந்த பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று உனக்கு நினைவிருக்கும். கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பின்னால் மறுபடி வரலாம், ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள் என்று நீயே எனக்குப் போன் செய்து சொன்னாய், அப்பா என்ன செய்வது என்று கேட்டாய். எனக்கு என்ன தெரியும்? போனை அம்மாவிடம் கொடுத்தேன். சனிக்கிழமை தோறும் முதல் ரயிலைப் பிடித்து உன் தெம்பனிஸ் வீட்டுக்கு வந்து அம்மா குழந்தையை வைத்துக்கொண்டாளே, பேரன் மேல் ஆசை என்று நீயும் நானும் நினைத்தோம். ஆசைதான். ஆனால் உன் மனைவி வெளியே போய் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அவள் வந்தாள். அங்கே ஓடுகிற பெண்கள் குழு ஒன்று இருக்கிறது, போய்ச் சேர் என்று சொன்னதும் அவள்தானாம். இதைத் தேக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது ஷர்மிளா சொன்னாள். ஒரு நிமிஷம் ஓடு, இரண்டு நிமிஷம் நட, அதற்கு மேல் முதல் மாதம் எதுவும் செய்யாதே என்று சொல்லிக்கொடுத்தாளாம். தன் கதையை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. என்னைப் பற்றி மருமகளிடம் தப்பாகப் பேச அவளுக்கு மனசு வரவில்லை.

நீ நான் இல்லை, எனக்குத் தெரியும். நீ பொறாமையில் சொல்லவில்லை. அம்மா மேல் இருக்கிற பாசத்தில் சொன்னாய். அம்மா இல்லாத முதல் வருஷத்தில் வீட்டில் யாரும் கலர் சட்டை போட்டு மெடல் வாங்குவதை உன்னால் தாங்க முடியவில்லை. ஆனால் என்ன காரணத்தால் நிறுத்தினோம் என்பது உடம்புக்குத் தெரியாது, தம்பி. பாசத்தில் நிறுத்தினாலும் அது நின்றுதான் போகும். வருஷம் முடிந்ததும் அவளே போவாள் என்று நினைக்காதே. அவள் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீ போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

அதனால் இன்றைக்கே அவளிடம் சொல். மெசேஜ் அனுப்பாதே, வாயால் சொல். உன் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிடாதே. நானும் அந்த வார்த்தையை உபயோகித்தவன்தான். அது அனுமதி மாதிரி இருக்கும், கேட்கிறவளுக்குக் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்கும். போ, நீ ஓடவேண்டும் என்று சொல். அந்த நம்பர் அட்டை வேறு யாருக்கும் போவதற்குள் நீயே போய் வாங்கிக் கொடு. ஓட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன். பாம்பர்ஸ் மாற்ற எனக்கு வராது என்று நீ சிரிப்பாய், கற்றுக்கொள்கிறேன். ஓட்ட நாளன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடி முடிக்கிற இடத்தில் நீ நில். கூட்டத்தில் உன்னைத் தேடாமலே கண்ணில் படும்படி முன்னால் நில்.

என்னை அங்கே கூப்பிடாதே. நான் வரமாட்டேன். அன்று காலை நான் அம்மா படத்துக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு வீட்டிலேயே இருப்பேன். ஐயர் சொன்ன வருஷம் முடிந்தாலும் எனக்கு முடியப் போவதில்லை. நீயும் ஷர்மிளாவும் துக்கம் காத்தது போதும். இந்தக் குடும்பத்தில் அதற்கு ஓர் ஆள் இருந்தால் போதும், தம்பி. அது நானாக இருக்கட்டும்.

அப்பா